விளியும் உரிமையும்: அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவர்தம் மடல்கள்

1. முன்னுரை

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துள் விளிக்கென ஓர் இயலையே தனியே வகுத்தார். படர்க்கையில் நிற்கும் ஒருவரை நம்மை நோக்கித் திருப்பி எதிர்முகமாக்குவதே விளியின் இயல்பு என்பர் உரையாசிரியர். பெரியோர் விடுக்கும் ஓலையைத் 'திருமுகம்' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஆகவே மடலின் தலைப்பில் எழுதப்பெறும் பெயரும் பட்டமும் வெறும் அணியல்ல. எழுதுவோன் தன் எதிரில் நிற்பவனை இன்னான் என ஏற்றுக்கொண்டமைக்கு அவையே சான்று.

இவ்வுண்மை காதல் மடலுக்கும் புலவர் ஓலைக்கும் மட்டும் உரியதன்று. போர்க்களத்து மடலுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். 1775 முதல் 1783 வரை வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் பிரிட்டனை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரில், இருதிறத்துப் படைத்தலைவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மடல்கள் மிகப் பல. வாஷிங்டன் எழுதியனவும் பெற்றனவும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தொகுதி தொகுதியாக வெளிவந்துள்ளன. வரலாற்றாசிரியர் அவற்றிற் போரின் போக்கைத் தேடுவர். நாம் ஈண்டு அவற்றின் தலைப்பையும் விளியையும் பதவிப் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எத்துணை உயிர்களின் நிலையை உறுதி செய்தன என்பதை ஆராய முற்படுகின்றோம்.

2. பதவியும் தூக்குக்கயிறும்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்மரபில் சிறைப்பட்ட படைத்தலைவனது நிலை அவனது பதவியைச் சார்ந்தே அமைந்தது. தப்பியோடுவதில்லை எனத் தன் மானத்தின்மேல் வாக்களிப்பானாயின், அவன் சிறைக்கூடத்திற்கு வெளியே விடுதியில் தங்கலாம். அவனுக்கு நிகரான பதவியுடைய பகைத்தலைவன் ஒருவனைக் கொடுத்து அவனை மீட்கவும் இயலும். ஆனால் இவையனைத்திற்கும் முதற்கண் வேண்டியது, அவன் ஒரு படையின் தலைவன் என்பதைப் பகைவர் ஒப்புக்கொள்ளுதல். ஒப்புக்கொள்ளாவிடின் அவன் போர்க்கைதியல்லன், அரசத் துரோகி. அரசத் துரோகிக்கு ஆங்கிலச் சட்டம் விதித்தது தூக்குத்தண்டனை.

1775 ஜூன் 17 அன்று பாஸ்டன் நகருக்கு அருகே நிகழ்ந்த பங்க்கர் குன்றுப் போரில் காயமுற்ற அமெரிக்கர் சிலர் பிரிட்டானியர் கையிற் சிக்கினர். ஜூலைத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் வந்து படைத்தலைமை ஏற்ற ஜார்ஜ் வாஷிங்டன், ஆகஸ்ட் 11 அன்று பாஸ்டனில் இருந்த பிரிட்டானியத் தலைமைப் படைத்தலைவர் தாமஸ் கேஜுக்கு ஒரு மடல் விடுத்தார். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லர். 1755-இல் பிராடக் என்னும் தளபதியின்கீழ் மொனாங்ககீலா ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரரையும் அவர்தம் பழங்குடித் துணைவரையும் எதிர்த்து ஒரே அணியில் நின்றவர்கள். இருபதாண்டுகள் கழித்து இருவரும் எதிரெதிரே நின்று எழுதினர். சிறைப்பட்ட அமெரிக்கத் தலைவர்கள் பதவி வேறுபாடின்றிக் குற்றவாளிகளோடு பொதுச் சிறையில் அடைக்கப்பட்டுள்ளனர், நோயாலும் புண்ணாலும் வருந்துகின்றனர் என்பது வாஷிங்டனது முறையீடு. உம்மவர்க்கு நாங்கள் செய்வது எம்மவர்க்கு நீர் செய்வதைப் பொறுத்தது என்பது அதன் முடிபு.

இரண்டு நாளில் விடை வந்தது. மடலின் மேல் 'ஜெனரல்' என்னும் பதவிப்பெயர் இல்லை. 'ஜார்ஜ் வாஷிங்டன், எஸ்குயர்' என்றே எழுதப்பட்டிருந்தது. எஸ்குயர் என்பது நிலபுலமும் நற்குடிப் பிறப்பும் உடைய எவர்க்கும் ஆங்கிலேயர் வழங்கும் மதிப்புச்சொல். நம் வழக்கில் 'திருவாளர்' என்பதைப் போன்றது. மரியாதைக் குறைவான சொல் அன்று. ஆனால் படைத்தலைவனைக் குறிக்கும் சொல்லும் அன்று. மடலின் உள்ளேயும் அதே கருத்து விரிந்தது. நாட்டுச் சட்டப்படி கயிற்றுக்கு உரியவர்களாக இருந்தும் அவர்களைப் பரிவோடே நடத்தினோம்; வேறுபாடின்றி நடத்தியது உண்மையே; அரசரிடமிருந்து வாராத பதவி எதனையும் யாம் ஒப்புவதில்லை என்று கேஜ் எழுதினார்.

இவ்விடையின் ஆழத்தை நாம் உணர்தல் வேண்டும். கயிறு பற்றிய அச்சுறுத்தலும் பதவி பற்றிய மறுப்பும் ஈண்டு ஒரே கருத்தின் இரு கூறுகளாக நிற்கின்றன. பதவி அரசரிடமிருந்தே பிறக்கும் என்னும் கோட்பாட்டை ஏற்றால், அரசரை எதிர்த்து நிற்பவனுக்குப் பதவி இல்லை. பதவி இல்லையேல் கைதிக்குரிய உரிமையும் இல்லை. எஞ்சுவது பரிவு ஒன்றே. பரிவு என்பது கொடுப்பவன் விரும்பும்வரை நிற்பது, உரிமை அத்தகையதன்று.

அதே மாதத்தில் வாஷிங்டன் எழுதிய மறுமொழி இக்கோட்பாட்டின் வேரையே தாக்கியது. வீரமும் உரிமையும் உடைய மக்கள் தாமே தெரிந்தெடுத்து அளிக்கும் பதவியைவிட மேலான பதவி ஒன்று இருப்பதாக அவர் கருதவில்லை. பதவியின் ஊற்று அரசரா, மக்களா என்னும் இவ்வினா விடுதலை அறிக்கை தோன்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே இரு படைத்தலைவரின் மடல்களில் எழுந்துவிட்டது. பிடிபட்ட பிரிட்டானியரையும் அவ்வாறே சிறையிலிடுமாறு முதலில் ஆணையிட்ட வாஷிங்டன், பின்னர் அவ்வாணையை மாற்றி, அவர்களுக்கு இயன்ற தளர்வுகளை அளிக்கச் செய்தார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

3. 'முதலியன, முதலியன'

1776 ஜூலை 4 அன்று விடுதலை அறிக்கை ஏற்கப்பட்டது. எட்டு நாள் கழித்துப் பிரிட்டானியக் கடற்படைத் தலைவர் ரிச்சர்டு ஹோ பிரபு நியூயார்க்குக் கடல்வாயிலை அடைந்தார். அவர் தம்பி வில்லியம் ஹோ தரைப்படைக்குத் தலைவர். போர் நடத்துவதோடு மன்னிப்பு வழங்கி அமைதி காணவும் சகோதரர் இருவரும் அரசரிடம் அதிகாரம் பெற்றிருந்தனர். ஜூலை 14 அன்று வெண்கொடி ஏந்திய படகொன்றில் ஒரு மடல் வந்தது. தலைப்பு, 'ஜார்ஜ் வாஷிங்டன், எஸ்குயர்' என்பதே. எதிர்சென்ற ஜோசப் ரீடு, அம் முகவரியுடையார் எவரும் எம் படையில் இலர் என்று கூறித் திருப்பி அனுப்பினார்.

சில நாளில் மீண்டும் ஒரு மடல் வந்தது. இம்முறை 'எஸ்குயர்' என்பதன் பின் 'முதலியன, முதலியன' எனச் சேர்த்திருந்தனர். அதுவும் ஏற்கப்படவில்லை. பின்னர் ஜூலை 20 அன்று ஹோவின் துணைத்தலைவர் பேட்டர்சன் நேரில் வந்தார். பேச்சில் வாஷிங்டனை 'மேதகையீர்' என்று பலகால் விளித்தவர், மடலை மேசைமேல் வைத்தபோது அதன் தலைப்பு மட்டும் மாறவில்லை. 'முதலியன' என்பது வேண்டிய அனைத்தையும் உள்ளடக்கும் அன்றோ என்று அவர் வாதிட்டார். ஆம், அனைத்தையும் உள்ளடக்கும். எதனையும் உள்ளடக்கும் என்றார் வாஷிங்டன். பொதுப்பணியில் இருப்பவர்க்கு எழுதும் மடலில் அப்பணியின் குறிப்பு இருத்தல் வேண்டும்; இன்றேல் அது தனிமனிதர்க்கு வந்த மடலாகும் என்பது அவர் கூற்று. மடல் பிரிக்கப்படாமலே திரும்பிற்று.

'இரட்டுற மொழிதல்' என்னும் உத்தியை இலக்கணம் கற்றார் அறிவர். இருவேறு பொருளைத் தருமாறு சொல்லை நிறுத்துவது கவிதையில் அழகாகலாம். ஆயின் மன்னிப்பு வழங்க வந்தோன் அவ்வாறு நிறுத்தும்போது அது தப்பிக்கும் வழியாகின்றது. அமெரிக்கர் கேட்டால் அதற்குப் 'படைத்தலைவர்' என்று பொருள். லண்டன் கேட்டால் பொருளே இல்லை. மன்னிப்பைப் பற்றிப் பேட்டர்சன் பேசியபோது, குற்றம் செய்யாதவர்க்கு மன்னிப்பு வேண்டுவதில்லை என்று வாஷிங்டன் விடையிறுத்ததும் இதன் தொடர்ச்சியே. தலைப்பில் பட்டம் இன்றி வந்த மடலை ஏற்பது, தம்மைக் குற்றவாளி என ஏற்பதற்கு முதற்படியாகும் என்பதை அவர் கண்டார். காங்கிரஸ் பேரவையும் அவர் செயலைப் பாராட்டித் தீர்மானம் இயற்றியது.

4. கான்கார்டுச் சிறையிலிருந்து ஒரு மடல்

பட்டப்போர் வெறும் செருக்கே என்று கருதுவார் உளராயின், 1777-ஆம் ஆண்டின் மடல்கள் அவர்க்கு விடையாகும். 1776-இன் இறுதியில் சார்லஸ் லீ என்னும் அமெரிக்கத் தளபதி சிறைப்பட்டார். அவர் முன்னர்ப் பிரிட்டானியப் படையில் பணியாற்றியவர். ஆதலின் அவரைக் கைதியாகக் கொள்வதா, படையை விட்டோடியவராகக் கொள்வதா என்னும் ஐயம் எழுந்தது. பழிக்குப் பழியாகப் பிரிட்டானியத் தலைவர் ஆர்ச்சிபால்டு கேம்பெல் முதலியோரையும் லீ நடத்தப்படுமாறே நடத்துக எனக் காங்கிரஸ் ஆணையிட்டது. பாஸ்டன் தம்மவர் கையினின்றும் போய்விட்டதை அறியாமல் அத்துறைமுகத்திற்குள் கப்பலோட்டி வந்து 1776 ஜூனில் பிடிபட்டவர் இக் கேம்பெல்.

மாசசூசெட்ஸில் உள்ள கான்கார்டுச் சிறையிலிருந்து 1777 பிப்ரவரியில் அவர் ஹோவுக்கு எழுதிய மடல், குற்றவாளிகள் கிடந்த அழுக்கு நிறைந்த சிற்றறையில் தாம் அடைபட்டிருப்பதை விவரிக்கின்றது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன் அமெரிக்கர் பொருட்டு வாஷிங்டன் கேஜுக்கு எழுதிய முறையீடும் பிரிட்டானியரான கேம்பெல் எழுதிய இம் முறையீடும் உள்ளடக்கத்தால் ஒன்றே. எழுதியவரின் அணி மட்டும் மாறியது. வாஷிங்டன் தம் பக்கத்தார் செய்ததென்று இதனை மறைக்க முயன்றாரில்லை. கேம்பெல்லை இவ்வாறு நடத்துதல் பேரவையின் கருத்துக்கும் மேற்பட்டது என மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்க்கும், பழிவாங்கும் கொள்கை நம்மவர்க்கே தீங்காய் முடியும் எனப் பேரவைக்கும் எழுதினார். பகைவர் கையில் அமெரிக்கத் தலைவர் பலரும், அமெரிக்கர் கையில் அவர்தம் தலைவர் சிலருமே இருந்தமை அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

கேம்பெல் 1778 மே மாதம் ஈத்தன் ஆலன் என்னும் அமெரிக்கருக்கு மாற்றாக விடுதலை பெற்றார். இவரைத் தமிழ்நாட்டு வரலாறு கற்றோர் வேறோரிடத்தில் அறிவர். 1786 முதல் 1789 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக வீற்றிருந்த சர் ஆர்ச்சிபால்டு கேம்பெல் இவரே.

தலைவர்க்கு இத்துணை மடல்கள் எழுதப்பெற, எளிய வீரர்க்கு நேர்ந்தது கொடிது. நியூயார்க்கின் வாலபவுட் விரிகுடாவில் நின்ற சிறைக்கப்பல்களில் பசியாலும் நோயாலும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். 1777 ஜனவரியிலேயே வாஷிங்டன் ஹோ சகோதரர் இருவர்க்கும் கைதிகளின் நிலைபற்றி எழுதியுள்ளார். பிரிட்டானியப் பாராளுமன்றம் அதே ஆண்டில் இயற்றிய சட்டமோ, அமெரிக்கக் கைதிகளை விசாரணையின்றித் துரோகக் குற்றத்தின்பேரில் அடைத்துவைக்க வழிசெய்தது. தூக்கிலிடவும் அஞ்சினர், ஏனெனில் தம்மவரும் மறுபக்கத்திற் சிறையிருந்தனர். போர்க்கைதி என்று ஒப்பவும் அஞ்சினர், ஏனெனில் அவ்வொப்புதல் ஒரு புது நாட்டை ஒப்புவதாகும். இவ்விரு அச்சத்திற்கும் இடையே அக்கைதிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர்.

1778-இல் கைதிகளை மாற்றிக்கொள்ள ஜெர்மன்டவுனில் இருதிறத்துப் பேராளரும் கூடிப் பேசியதும் இதனாலேயே முறிந்தது. இரு நாடுகளின் வாக்குறுதியின்மேல் உடன்பாடு அமைதல் வேண்டும் என்றனர் அமெரிக்கர். தம் தனிமானத்தின்மேல் மட்டுமே கையொப்பமிட ஹோ இசைந்தார். அரசர் பெயர் ஒரு தாளில் இடம்பெறாமையால் அப்பேச்சு பயனின்றிக் கழிந்தது.

5. ஒரு சொல்லின் விலை

சொல்லாராய்ச்சி பிரிட்டானியர்க்கும் துன்பம் விளைத்தது. 1777 அக்டோபரில் சாரட்டோகாவில் சூழப்பட்ட ஜான் பர்காயின், அமெரிக்கத் தளபதி ஹொரேஷியோ கேட்ஸோடு மடல்வழிப் பேசி, ஒரு சொல்லை மாற்றிக்கொண்டார். 'சரண் உடன்படிக்கை' என்னும் பெயர் வேண்டா, 'ஒப்பந்தம்' என்றே இருத்தல் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கேட்ஸ் இசைந்தார். அவ் ஒப்பந்தத்தின்படி, இப்போரில் மீண்டும் அமெரிக்காவில் போரிடாமல் அப்படை தாயகம் திரும்பலாம். அக்டோபர் 17 அன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் படைக்கலம் வைத்தனர்.

ஆயின் திரும்பிய படை வேறு படைகளை அங்கிருந்து விடுவித்து அமெரிக்காவிற்கு அனுப்பப் பயன்படும் எனக் காங்கிரஸ் அஞ்சியது. 1778 ஜனவரியில் அது ஒரு நிபந்தனை விதித்தது: பிரிட்டானிய அரசே இவ் ஒப்பந்தத்தை வெளிப்படையாக உறுதிசெய்யும்வரை படை கப்பலேறுதல் கூடாது. உறுதிசெய்வது காங்கிரஸை ஓர் அரசாக ஏற்பதாகும். ஆதலின் உறுதி வரவில்லை, படையும் போகவில்லை. அவ்வீரர்கள் போர் முடியும்வரை மாநிலத்திற்கு மாநிலம் நடத்திச் செல்லப்பட்டனர். விளியை மறுத்த கோட்பாடு மறுத்தவரையே சுற்றிக்கொண்டது. ஆயினும் தளபதி தந்த வாக்கைப் பேரவை காவாமையை அறமெனக் கூறுதல் நமக்கு இயலாது.

6. விடை பெறாத மடல்

1780 செப்டம்பர் 23 அன்று வெஸ்ட்பாயிண்ட் கோட்டையின் மறைச்செய்திகளைக் காலணிக்குள் வைத்துக்கொண்டு மாறுவேடத்தில் சென்ற ஒருவர் பிடிபட்டார். மறுநாள் அவரே வாஷிங்டனுக்கு எழுதி, தாம் பிரிட்டானியப் படையின் துணைத்தலைவர் ஜான் ஆந்த்ரே என்பதை வெளிப்படுத்தினார். கோட்டையைக் காட்டிக்கொடுக்க முற்பட்ட பெனடிக்ட் ஆர்னால்டு தப்பியோடினார். டாப்பன் என்னும் ஊரில் தளபதிகள் அவை கூடி ஆந்த்ரேயை ஒற்றர் என முடிவு செய்தது. அக்டோபர் 1 அன்று அவர் எழுதிய இறுதி மடலில் உயிரை வேண்டவில்லை. மானமுள்ள ஒருவனுக்குத் தக்க முறையில், கயிற்றாலன்றித் துப்பாக்கிக் குண்டால் இறக்கவே வேண்டினார்.

ஐந்தாண்டுக்குமுன் கேஜ் தம் மடலில் அமெரிக்கர்க்குக் காட்டியது இக் கயிற்றையே. இப்பொழுது பிரிட்டானியத் தலைவர் ஒருவர், அன்று 'எஸ்குயர்' ஆக இருந்தவரை 'மேதகையீர்' என்று விளித்து, அக்கயிற்றினின்றும் காக்குமாறு வேண்டுகின்றார். ஒற்றரைச் சுட்டுக் கொல்லுதல் போர்மரபன்று. மறுப்பை எழுதி அவர் மனத்தைப் புண்படுத்தற்கு விரும்பாது விடை தாராதிருந்தனர் என்று வாஷிங்டனது உதவியாளராயிருந்த அலெக்சாந்தர் ஹாமில்டன் எழுதியுள்ளார். மறுநாள் ஆந்த்ரே தூக்கிலிடப்பட்டார். 1776 செப்டம்பரில் பிரிட்டானியரால் தூக்கிலிடப்பட்ட அமெரிக்க ஒற்றர் நேத்தன் ஹேலையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். விளியை ஏற்பது எல்லா வேண்டுகோளையும் ஏற்பதாகாது என்பதற்கு இவ் விடையில்லா மடல் சான்று.

7. யார்க்டவுன்

சாரட்டோகா நிகழ்ந்து சரியாக நான்காண்டு நிறைந்த நாளில், 1781 அக்டோபர் 17 அன்று, யார்க்டவுனில் முற்றுகையுண்ட காரன்வாலிஸ் பிரபு வாஷிங்டனுக்கு மிகச் சுருங்கிய மடல் ஒன்று எழுதினார். இருபத்துநான்கு மணிநேரம் போர்நிறுத்தம் வேண்டினார். வாஷிங்டன் இரண்டு மணிநேரமே தந்தார். 1780-இல் சார்ல்ஸ்டன் நகரில் சரணடைந்த அமெரிக்கர்க்கு எத்துணை மதிப்புத் தரப்பட்டதோ அத்துணையே இவர்க்கும் தரப்படும் என்று விதித்தார். அக்டோபர் 19 அன்று எழுதப்பெற்ற உடன்படிக்கையின் முதல் வரியில், 'மேதகு ஜெனரல் வாஷிங்டன்' அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுப்படைகளின் தலைமைத் தளபதியாகக் குறிக்கப்பட்டார். 'முதலியன' மறைந்து, பட்டம் முழுமையாய் வந்தது. 1782 மார்ச்சில் பிரிட்டானியப் பாராளுமன்றமும் அமெரிக்கச் சிறையாளரைப் போர்க்கைதிகளாக மாற்றிக்கொள்ள இடந்தரும் சட்டத்தை இயற்றியது. தலைப்பில் தொடங்கிய வழக்கு சட்டத்தில் முடிந்தது.

8. விளிக்கப்படாதோர்

இத்துடன் கட்டுரையை முடித்தல் எளிது. ஆனால் உண்மைக்குக் குறையாகும். யார்க்டவுன் உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, முற்றுகையுண்டோர் கையிலிருக்கும் அமெரிக்கக் குடிகளின் உடைமைகளை உடையோர் மீட்டுக்கொள்ளலாம் என்கின்றது. 'உடைமை' என்னும் அச்சொல்லுக்குள் மனிதரும் அடங்கினர். விடுதலை கிடைக்கும் என்னும் பிரிட்டானியர் வாக்கை நம்பி, எசமானரை விட்டு அவர்தம் அணியை அடைந்த ஆப்பிரிக்க அடிமைகள் அவர்கள்.

1783 மே 6 அன்று, ஆந்த்ரே உயிர்துறந்த அதே டாப்பன் ஊரில், வாஷிங்டனும் பிரிட்டானியரின் இறுதித் தலைமைத் தளபதி கை கார்ல்டனும் சந்தித்தனர். அமைதி உடன்பாட்டின்படி இம்மக்களைத் திருப்பித் தருதல் வேண்டும் என்றார் வாஷிங்டன். விடுதலை வாக்குப் பெற்றோரைத் திருப்பித் தருதல் நாட்டின் மானத்திற்கு இழுக்கு என்றார் கார்ல்டன். பின்னர் மடலிலும் அதனையே வலியுறுத்தினார். ஆயினும் உரிமையாளர் பிற்காலத்தில் ஈடு கோரக்கூடும் எனக் கருதி, கப்பலேறுவோர் அனைவரையும் ஒரு பதிவேட்டில் எழுதச் செய்தார். அப்பதிவேட்டில் ஏறத்தாழ 3,000 பேரின் பெயரும் வயதும் முன்னை எசமானர் பெயரும் கப்பலின் பெயரும் உள்ளன. அவர்களுள் ஒருவர் ஹாரி வாஷிங்டன். தளபதியின் மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்து தப்பியவர். அவர் நோவா ஸ்கோஷியா சென்று, பின்னர் 1792-இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார்.

மக்கள் தெரிந்தளிக்கும் பதவியே மேலான பதவி என்று கேஜுக்கு எழுதிய கையே இம்மக்களைத் திருப்பித் தருமாறு கேட்டது. அரசர் தாராத பட்டத்தை ஏலோம் என்ற அணியினரே இங்கு வாக்கைக் காத்தனர். ஒருதிறத்தார் முற்றும் அறவோர், மறுதிறத்தார் முற்றும் கொடியோர் என்னும் முடிவுக்கு இம்மடல்கள் இடந்தரவில்லை.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன புலனாகும். படைத்தலைவர்தம் மடல்களில் விளி என்பது மரியாதைச் சடங்கன்று. எதிர்நிற்பவன் உரிமையுடையவனா, பரிவுக்கு உரியவனா என்பதை வரையறுக்கும் கோடு அது. அக்கோட்டின் இப்புறமா அப்புறமா என்பதைப் பொறுத்தே சிறைக்கப்பலில் கிடந்தோர்க்கும், சாரட்டோகாவில் படைக்கலம் வைத்தோர்க்கும் வாழ்வும் சாவும் அமைந்தன. இருதிறத்தாரும் எட்டாண்டு பூசலிட்டு ஒருவர்க்கொருவர் உரிய பட்டத்தை எழுதக் கற்றனர்.

நம் இலக்கணம் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது. தளபதிகளின் மடல்கள் ஹாரி வாஷிங்டன் போன்றாரை 'உடைமை' என்னும் சொல்லால் அஃறிணையுள் வைத்தன. கணக்குக்காகவே எழுதப்பட்ட பதிவேடோ, எழுதியோர் கருதாமலே, அவர்களை ஒவ்வொருவராகப் பெயரிட்டு உயர்திணையுள் நிறுத்திற்று. அமெரிக்க விடுதலைப் போரின் மடல்களைத் தொகுத்துக் கற்போர், எவருக்கும் விடுக்கப்படாத அப்பதிவேட்டையும் அவற்றோடு சேர்த்தே கற்றல் வேண்டும் என்பது நம் துணிபு.